இலவச மென்பொருளுக்கு யார் பணம் தருவார்கள்?

கேள்வி: இயந்திரங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் மின்னணுப் பிரிவில் வேலை செய்கிறேன். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், இரண்டு ஆண்டுகளாக, லினக்ஸ்சிஎன்சி மென்பொருளுக்கு (கணினியை வைத்து வெட்டும் இயந்திரங்களை ஓட்டும் இலவச மென்பொருள்) ஒரு தொடுதிரை முகப்பைப் பைத்தானில் எழுதி வருகிறேன். கன்ட்ரோலர் பழுதாகி மூலையில் கிடக்கும் மில்லிங் இயந்திரங்களுக்கும் மரவேலை ரவுட்டர்களுக்கும் இதைப் பொருத்தி விற்க நினைக்கிறேன். பெரிய பொத்தான்கள், விளக்கப் படங்கள், அவசர நிறுத்தத்துக்குத் திரையிலேயே ஒரு சிவப்பு வட்டம் என்று எளிமையாகச் செய்திருக்கிறேன். யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றின் மேல் கட்டியதை விலைக்கு விற்கலாமா? என் மூல நிரலை மூடி வைக்க முடியுமா? முடியாதென்றால் அடுத்தவர் நகலெடுத்து விற்றுவிட மாட்டாரா? இயந்திரத்தைக் கணினியோடு இணைக்கும் எல்லா வகை கார்டுகளிலும் எல்லா கணினிகளிலும் ஓடும்படி செய்தால் சந்தை பெரிதாகும் என்கிறார் நண்பர். சரியா? வேலையை எப்போது விடலாம்?

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சிவப்பு வட்டத்தைத் திரையிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள்.

டூல் உடைந்து வேலைத்துண்டு கிளம்பி வரும் நேரத்தில் ஆபரேட்டரின் கை யோசிக்காமல் சிவப்பைத் தேடிப் போகும். அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்திருக்கலாம். கூலண்ட் படிந்த விரல் கண்ணாடியில் வழுக்கலாம். கையுறை போட்ட விரலைத் திரை கண்டுகொள்ளாமலே போகலாம். அவசர நிறுத்தத்துக்கான ஐஎஸ்ஓ 13850 தரநிலை, இயந்திரம் எந்த நிலையில் இருந்தாலும் அந்த வசதி வேலை செய்ய வேண்டும் என்கிறது. இயந்திரங்களின் மின் அமைப்புக்கான ஐஇசி 60204-1 இரண்டு வழிகளைத்தான் ஏற்கிறது: உடனே மின்சாரத்தைத் துண்டிப்பது, அல்லது ஓட்டத்தைக் கட்டுப்பாட்டோடு நிறுத்திவிட்டுத் துண்டிப்பது. இரண்டுமே மின்சாரம் துண்டிக்கப்படுவதில்தான் முடிகின்றன. கண்ணாடியில் வரைந்த படம் எதையும் துண்டிக்காது.

எனவே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் உண்மையான காளான் பொத்தான், அதன் பின்னால் ஒரு சேஃப்டி ரிலே, அச்சு மோட்டார்களை ஓட்டும் டிரைவ்களுக்கும் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் போகும் மின்சாரத்தை நிறுத்தும் கான்டாக்டர். இந்த வரிசையில் கணினிக்கு இடமே கிடையாது. "பொத்தான் அழுத்தப்பட்டது" என்ற செய்தி மட்டும் ஒரு கம்பி வழியாக அதற்கு வந்தால் போதும். கணினி குறித்த நேரத்துக்குள் பேசாவிட்டால் வெளியீடுகளை அணைத்துவிடும் வாட்ச்டாக் நல்ல கார்டுகளில் இருக்கிறது. அதைக் கூடுதல் காவலாக வைத்துக்கொள்ளுங்கள், ரிலேவுக்குப் பதிலாக அல்ல. திரையில் பொத்தான் ஏதேனும் வேண்டுமென்றால் ஃபீட் ஹோல்டு (அச்சுகளின் நகர்வை மட்டும் தற்காலிகமாக நிறுத்துவது) வையுங்கள், சிவப்பு நிறத்தைத் தவிர்த்து.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. லினக்ஸ்சிஎன்சி வெளிவரும் திறமூல உரிமமான ஜிபிஎல்லின் அடியில் "எந்த உத்தரவாதமும் இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அந்த வரி, மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்களுக்காக எழுதப்பட்டது. கன்ட்ரோலர் பெட்டியை விலைக்கு விற்று இயந்திரத்தின் கட்டுப்பாட்டையே மாற்றி அமைத்த பிறகு, பல நாடுகளின் சட்டம் உங்களை உற்பத்தியாளராகவே பார்க்கும். உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுங்கள். முதல் பெட்டி வெளியே போவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு அது.

இனி விற்கலாமா என்ற கேள்வி. தாராளமாக விற்கலாம். லினக்ஸ்சிஎன்சியின் வேர் 1990-களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் இருக்கிறது. அரசு ஊழியர்கள் எழுதியதால் அது பொதுச் சொத்தாக வெளிவந்தது. பிறகு தன்னார்வலர்கள் கையில் வளர்ந்தபோது பெரும்பகுதி ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் கீழ் வந்தது. அந்த உரிமம் 1991-இல் எழுதப்பட்டபோதே, நகலைக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்கலாம், உத்தரவாதத்தைக் காசுக்கு விற்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. சிறு சிஎன்சி இயந்திரங்கள் தயாரிக்கும் டோர்மாக் நிறுவனம் 2014-இலிருந்து தன் இயந்திரங்களோடு தரும் பாத்பைலட் கன்ட்ரோலர் லினக்ஸ்சிஎன்சியின் மேல் கட்டியதுதான். திருட்டுத்தனமாக ஏதோ செய்யப்போகிறோம் என்ற கூச்சம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அது வேண்டாம்.

பதிலுக்கு உரிமம் கேட்பது ஒன்றுதான். ஓடும் நிரலை யாரிடம் கொடுக்கிறீர்களோ அவருக்கு அதன் மூல நிரலும் கிடைக்க வேண்டும். அவர் அதை மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். தடுக்கும் எந்த நிபந்தனையையும் நீங்கள் ஒப்பந்தத்தில் சேர்க்க முடியாது. உலகத்துக்கே நிரலைத் திறந்து வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டால் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் வழியும் உண்டு, ஆனால் அந்த வாக்குறுதி குறைந்தது 3 ஆண்டுகள் செல்ல வேண்டும். யாராவது கேட்கும் நாளில், அவருடைய பெட்டியில் எந்தப் பதிப்பு இருந்தது, எந்தத் திருத்தத்தோடு போனது என்று தேடி அலைவது நீங்கள்தான். நானும் இப்படிப் பெட்டிகள் விற்பவன்தான், வாக்குறுதி எல்லாம் கொடுப்பதில்லை. பெட்டியோடு போகும் பென்டிரைவிலேயே மூல நிரலும் அதைத் தொகுக்கும் ஸ்கிரிப்டுகளும் இருக்கும். கடன் அன்றே தீர்ந்தது. (கணினிக்குப் பதில் சிறிய மைக்ரோகன்ட்ரோலரில் ஓடும் ஜிஆர்பிஎல் பக்கம் போவதாக இருந்தால், அது ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் சாதனம் என்றால், மாற்றிய நிரலை அதில் ஏற்றுவதற்கு வேண்டிய தகவலையும் தர வேண்டியிருக்கும். பூட்டி விற்க முடியாது.)

உங்கள் பைத்தான் முகப்பை மட்டும் மூடி வைக்க முடியுமா? மோட்டார்களைக் குறித்த நேரம் தவறாமல் ஓட்டும் நிகழ்நேரப் பகுதிக்குள் நீங்கள் சேர்த்த எதையும் மூட முடியாது, அதில் பேச்சே இல்லை. முகப்போ தனியாக ஓடுகிறது, லினக்ஸ்சிஎன்சியின் பைத்தான் நூலகம் வழியாக நிலவரத்தைப் படிக்கிறது, கட்டளை அனுப்புகிறது. இது தனிப் படைப்பா, லினக்ஸ்சிஎன்சியிலிருந்து உருவான வழிப் படைப்பா என்று இரு பக்கமும் வாதிடலாம். வாதிட வேண்டிய நிலத்தில் கடைக்கால் போடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. முகப்பைத் திறந்துவிடுங்கள்.

மூடி வைக்க ஏதாவது வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. துளை வட்டம், பாக்கெட், முகம் சீவுதல் போன்ற வேலைகளுக்கு அளவுகளைக் கேட்டு ஜி-கோடு (இயந்திரத்துக்கான கட்டளை வரிகள்) எழுதித் தரும் ஒரு தனி நிரல். அது வெறும் உரைக் கோப்பைத்தான் வெளியே தள்ளுகிறது. அந்தக் கோப்பைச் சிறு மாற்றங்களோடு வேறு நிறுவனங்களின் கன்ட்ரோலர்களிலும் ஓட்டலாம். லினக்ஸ்சிஎன்சியின் ஒரு வரியும் அதற்குள் இல்லை. அது முழுக்க உங்களுடையது, விருப்பப்படி மூடலாம்.

ஆனால் நகல் பயம் உங்களை ஆட்டுகிற அளவுக்கு அது பெரிய ஆபத்தா என்று பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் முகப்பை ஒருவர் அப்படியே எடுத்து, பெயரையும் நிறத்தையும் மாற்றி விற்றார். உரிமப்படி அதில் தவறில்லை, எரிச்சல் மட்டும் இருந்தது. பிறகு ஒரு நாள் அவருடைய வாடிக்கையாளர் எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். இயந்திரம் நாளுக்கு ஒரு முறை, நேரம் காலம் இல்லாமல், அச்சின் எல்லையைக் காட்டும் லிமிட் சுவிட்ச் தட்டியதாகச் சொல்லி நின்றுபோகிறதாம். போய்ப் பார்த்தேன். ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவியின் கேபிளும் லிமிட் சுவிட்ச் கம்பியும் ஒரே குழாய்க்குள் தோளோடு தோள் உரசிக்கொண்டு போயிருந்தன. சுவிட்ச் கம்பிக்கு ஷீல்டே இல்லை. அதைப் பிரித்துத் தனி வழியில் இழுத்து, ஷீல்டு போட்ட கேபிளாக மாற்றியதும் நோய் போயிற்று. இது என் நிரலின் எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை. என் பெட்டியோடு போகும் எட்டுப் பக்க வயரிங் கையேட்டில் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அவர் கையேட்டை நகலெடுக்க மறந்துவிட்டார்.

மூல நிரலை எடுத்துக்கொள்ளலாம், பட்டறை அனுபவத்தை எடுத்துக்கொள்ள முடியாது. உங்களிடம் பெட்டி வாங்குபவர் அதே மென்பொருளை இரவோடு இரவாக இலவசமாக இறக்கிக்கொள்ள முடியும் என்பது அவருக்கும் தெரியும். பிறகு இரண்டு மாதம் அமைப்புக் கோப்புகளான ஐஎன்ஐயையும் ஹாலையும் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். அந்த இரண்டு மாதத்துக்கும், நடு ஜாபில் இயந்திரம் நின்றால் யாரை அழைப்பது என்பதற்கும்தான் அவர் பணம் தருகிறார்.

இங்கே உங்கள் பெரிய பொத்தான்களைப் பற்றிப் பேச வேண்டும். அனுப்பிய படங்களைப் பார்த்தேன், கண்ணுக்கு நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எல்லாம் சரியாக நடக்கும் நேரத்தில் எந்தத் திரையும் எளிமையானதுதான். ஆபரேட்டருக்குத் திரை தேவைப்படுவது கோளாறு வந்த பிறகு.

ஒரே ஒரு உதாரணம். லினக்ஸ்சிஎன்சி காட்டும் பழகிய பிழை: "ஜாயிண்ட் 1 ஃபாலோயிங் எர்ரர்". இதைப் படிக்கும் ஆபரேட்டருக்கு ஜாயிண்ட் (ஒரு மோட்டார் நகர்த்தும் பகுதி) என்றால் என்ன என்றே தெரியாது. ஒன்று என்றால் முதல் அச்சு, அதாவது எக்ஸ் என்று நினைத்துக்கொள்வார். கணக்கு பூஜ்யத்தில் தொடங்குவதால் சாதாரண மில்லிங்கில் அது ஒய். அவர் எக்ஸ் மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு உங்களை அழைப்பார். சொல்ல வந்த செய்தி இவ்வளவுதான்: போகச் சொன்ன இடத்துக்கும் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அமைப்புக் கோப்பில் அனுமதித்ததைத் தாண்டிவிட்டது. காரணம் டிரைவ் டிரிப் ஆனதாக இருக்கலாம், கப்ளிங் திருகு தளர்ந்திருக்கலாம், ஸ்லைடில் எண்ணெய் வற்றியிருக்கலாம், சீவல் அடைத்திருக்கலாம், என்கோடர் கேபிள் நைந்திருக்கலாம். முடுக்கத்தை நீங்களே அதிகமாக வைத்துத் தொலைத்திருக்கவும் கூடும்.

உங்கள் திரை சொல்ல வேண்டியது இப்படி: "ஒய் அச்சு போகச் சொன்ன இடத்துக்குப் போகவில்லை, 0.8 மி.மீ. பின்தங்கிவிட்டது. மின்பெட்டியைத் திறக்காமல், கண்ணாடி வழியாக ஒய் டிரைவைப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா?" கீழே இரண்டு பொத்தான்கள், ஆம், இல்லை. ஆம் என்றால் அந்த டிரைவின் அலாரம் எண்ணைக் கேளுங்கள். இல்லை என்றால் ஸ்லைடையும் கப்ளிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள், எங்கே இருக்கிறது என்று அந்த இயந்திரத்தின் புகைப்படத்தோடு. அடிக்கடி வரும் பதினொரு பிழைகளுக்கு இப்படி எழுதினேன். முகப்பில் நான் செய்த வேறு எந்த அழகுவேலையும் தொலைபேசியை இந்த அளவுக்கு அமைதிப்படுத்தவில்லை. நிரல் எழுத ஒரு வாரம் ஆனது, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று தீர்மானிக்க ஆறு மாதம் ஆனது.

இன்னொரு எளிமை, திரையிலேயே இல்லாதது. பட்டறையில் யாரும் கணினியை ஷட்டவுன் செய்ய மாட்டார்கள். மாலையில் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார்கள், அதுதான் அவர்கள் அறிந்த நிறுத்தம். என் முதல் பெட்டிகளில் ஒன்று, இப்படி நாற்பது ஐம்பது முறை அறுபட்ட பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளோடு விழித்துக்கொண்டது. வாடிக்கையாளர் படம் எடுத்து அனுப்பி, "இது என்ன மொழி?" என்று கேட்டிருந்தார். அன்றைக்கு ஓட வேண்டிய ஜாபின் ஒர்க் ஆஃப்செட்டுகளும் (வேலைத்துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அளவுகள்) போய்விட்டன. இப்போது இயங்குதளப் பகுதி எழுத முடியாதபடி பூட்டி இருக்கும். ஆஃப்செட்டுகளும் டூல்களின் அளவுகள் உள்ள டூல் டேபிளும் தனிப் பகுதியில், மாறிய உடனே எழுதப்படும். முறையாக அணைய அரை நிமிடம் தாக்குப்பிடிக்கும் சிறு பேட்டரியும் பெட்டிக்குள் உண்டு. நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. செய்திருக்காவிட்டால் பொத்தான்களின் நிறத்தை விட்டுவிட்டு இதை எடுங்கள்.

நண்பர் சொன்ன "எல்லா கார்டுகளும், எல்லா கணினிகளும்" அகலக் கால் வைக்கும் வேலை. மோட்டாரை அடி அடியாக நகர்த்தும் ஸ்டெப் துடிப்புகளைக் கணினியே உருவாக்குவதென்றால், அதன் தாமத அலைவு (குறித்த நேரத்திலிருந்து எவ்வளவு பிசகுகிறது என்பது) 15 முதல் 20 மைக்ரோவினாடிக்குள் இருந்தால் மிக நன்று. 30, 50 என்றால் வேகம் குறையும், 100-ஐத் தாண்டினால் அந்தக் கணினி அதற்கு உதவாது. ஒரே மாடல் என்று வாங்கிய இரண்டு கணினிகளில், பயாஸ் பதிப்பு மாறியதாலேயே இந்த எண் தலைகீழாகும். நிகழ்நேர வசதியான பிரீம்ப்ட்-ஆர்டி 2024-இல் லினக்ஸ் 6.12 பதிப்போடு மையக் கர்னலில் சேர்ந்துவிட்டது உண்மைதான். ஆனால் இயங்குதளத்துக்கே தெரியாமல் பயாஸ் திருடிக்கொள்ளும் நேரத்தை அது ஒன்றும் செய்ய முடியாது. துடிப்புகளைத் தன் சில்லிலேயே உருவாக்கும் எஃப்பிஜிஏ கார்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்போது கணினி ஒரு மில்லிவினாடிக்கு ஒரு முறை பேசினால் போதும். அதோடு சோதித்த கணினி ஒரே ஒரு மாடல். கைக்காசு இடம் கொடுக்கும் அளவுக்கு மொத்தமாக வாங்கி அடுக்கிவிடுங்கள். "என்னிடம் ஏற்கெனவே ஒரு கணினி இருக்கிறது, அதில் போட்டுத் தர முடியுமா?" என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்லப் பழகுங்கள். நான் பழகுவதற்குள் ஒரு கோடைகாலம் முழுவதும் ஒருவருடைய பழைய மடிக்கணினியோடு போயிற்று.

இயந்திர வகையிலும் அதே குறுக்கம் நல்லது. மில்லிங்கும் ரவுட்டரும் உங்களுக்கு ஒன்றாகத் தெரியலாம். ரவுட்டர்காரர் தூசியையும் வேகத்தையும் பற்றிப் பேசுவார், மில்லிங்காரர் டூல் நீளத்தையும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரையும் பற்றிப் பேசுவார். முதல் ஆண்டு ஒருவரோடு மட்டும் பேசுங்கள்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் அடிபட்ட இடம் அது. "ஆயுள் முழுக்க இலவச உதவி" என்று சொல்லி விற்றேன். யாருடைய ஆயுள் என்று அன்று யோசிக்கவில்லை. பாகங்களின் விலையோடு கொஞ்சம் லாபம் சேர்த்தால் விலை என்று கணக்குப் போடாதீர்கள். முதல் மூன்று பெட்டிகளுக்கு ஒவ்வொரு அழைப்பும் எத்தனை நிமிடம் என்று நோட்டில் குறியுங்கள். அந்த நிமிடங்கள்தான் உங்கள் உண்மையான உற்பத்திச் செலவு. முதல் ஆண்டு உதவியை விலைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள், இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கட்டணம். வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொல்லட்டும், அவருக்கும் மூல நிரல் கையில் இருக்கிறது.

புதிய பதிப்பு வந்ததும் எல்லோருக்கும் ஏற்றிவிடத் துடிக்காதீர்கள். 2020-இல் வந்த லினக்ஸ்சிஎன்சி 2.8 பதிப்பில் ஜாயிண்டையும் அச்சையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். சரியான திருத்தம்தான், ஆனால் பழைய அமைப்புக் கோப்புகளை மாற்றாமல் ஓட்ட முடியவில்லை. நன்றாக வெட்டிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் கை வைக்க ஒரு காரணம் வேண்டும். "புதிது வந்திருக்கிறது" என்பது காரணம் ஆகாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் பெட்டியின் முழு நகல் ஒன்று உங்கள் அலமாரியில், இன்னொன்று அவருடைய மின்பெட்டிக் கதவின் உட்புறப் பையில் இருக்கட்டும்.

நீங்கள் கண்டுபிடிக்கும் பிழைத் திருத்தங்களை மூலத் திட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். நன்றிக்காக மட்டும் சொல்லவில்லை. அனுப்பாத திருத்தத்தை ஒவ்வொரு புதிய பதிப்பிலும் நீங்களே மறுபடி ஒட்ட வேண்டும். அதே நேரம், உங்களுக்குப் பணம் கொடுத்த வாடிக்கையாளரைச் சம்பளமில்லாமல் உழைக்கும் அந்தத் தன்னார்வலர்களிடம் கேள்வி கேட்க அனுப்பாதீர்கள். பணம் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. லினக்ஸ்சிஎன்சிக்கு முன்பு இஎம்சி என்று பெயர். அதே பெயரில் இருந்த ஒரு பெரிய கணினிச் சேமிப்பக நிறுவனம் வணிகக்குறி என்று குரல் கொடுத்ததால் 2011 வாக்கில் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. உங்கள் பொருளுக்கு யாருக்கும் சொந்தமில்லாத பெயரைத் தேடிப் பதிவு செய்யுங்கள். அவர்களுடைய பெயரை உங்கள் பெயருக்குள் நுழைக்காமல், "லினக்ஸ்சிஎன்சியின் மேல் கட்டப்பட்டது" என்று விவரப் பக்கத்தில் மறைக்காமல் எழுதுங்கள். நகலெடுப்பவர் உங்கள் நிரலை எடுக்கலாம், பதிவு செய்த பெயரை எடுக்க முடியாது.

கடைசியாக, வேலையை விடுவது. ஒரு பெட்டியை உங்களுக்குத் தெரியாத ஒரு பட்டறையில் வையுங்கள், நண்பர் பட்டறையில் அல்ல, அவர் பொறுத்துக்கொள்வார். முதல் நாள் ஆபரேட்டருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அவர் தவறான இடத்தைத் தொடும்போது வாயைத் திறக்காதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். திருத்திக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். நீங்கள் அங்கே மறுபடி கால் வைக்காமல் அந்தப் பெட்டி மூன்று மாதம் ஓட வேண்டும், மூன்றாம் மாத முடிவில் அவர் தானாக அழைத்து இரண்டாவது இயந்திரத்துக்கு விலை கேட்க வேண்டும். அதுவரை சம்பளம் வந்துகொண்டிருக்கட்டும். இன்னொன்று, உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே எழுதிய நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முதலில் பேச வேண்டியவர் உங்கள் மேலாளர்.